யட்சி, தேனீக்கூட்டம், கருடன் எல்லாம் ஒரே பார்ட்டியில்: அனுமதிக்கலாமா?

கேள்வி: நாகர்கோவிலில் நண்பர்கள் சேர்ந்து டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) ஐந்தாம் பதிப்பு (2014 விதிகள்) ஆடுகிறோம், ஆளுக்கொரு கேரக்டராகப் பகடை உருட்டிக் கதைக்குள் ஆடும் ஆட்டம். நான்தான் டிஎம், அதாவது கதையை நடத்தி விதியைப் பார்த்துக்கொள்கிறவன். அடுத்த கேம்பெயினை, அதாவது பல நாள் தொடரும் கதையை, நம் மாவட்டத்தைப் போன்ற ஒரு கற்பனை நாட்டில் வைத்திருக்கிறேன். ஒருவன் யட்சியாக வருகிறானாம், கேரக்டரின் விவரம் எழுதும் ஷீட்டில் பெயரே இசக்கி என்று எழுதிவிட்டான். ஒருத்தி தேனீக்கூட்டமாக வருவாளாம், ஒரு தேனீ இல்லை, மொத்தக் கூட்டமும். இன்னொருவனுக்குக் கருட இனம் வேண்டும், முதல் லெவலிலேயே பறக்கவேண்டும். பார்ட்டியில், அதாவது சேர்ந்து போகும் குழுவில், நாலாவது ஆள் மட்டும் சாதாரணப் போர்வீரன். எல்லாவற்றுக்கும் சரி சொன்னால் ஆட்டம் தாங்குமா?

பதில்:

தாங்கும். ஆனால் மூன்று பேருக்கும் ஒரே மாதிரி சரி சொல்ல முடியாது. தேனீக்கூட்டம்தான் உங்கள் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று கேள்வியிலேயே தெரிகிறது. எனக்கென்னவோ மூன்றில் அதுதான் லேசான கேஸ். கருடன் முதல் நாளிலேயே இடிக்கும். யட்சியைப் பொறுத்தவரை விதிகளைவிட வேறு ஒன்றை யோசிக்கவேண்டும், அதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

"இதெல்லாம் ஒரிஜினல் ஆட்டத்தில் கிடையாது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னஸனும் எழுதி வந்த முதல் விதிநூலிலேயே, பிளேயர் ஏறக்குறைய எதுவாகவும் வரலாம், பலம் குறைந்த நிலையில் ஆரம்பித்துப் படிப்படியாக வளர்ந்தால் சரி என்று இருக்கிறது. டிராகனாக ஆசையா, இளம் டிராகனாகத் தொடங்கு என்று உதாரணமும் உண்டு. அதற்கும் முன்னால், ஆர்னஸனின் பிளாக்மூர் கேம்பெயினில் சர் ஃபேங் என்றொரு ரத்தக்காட்டேரி இருந்தது. அதுவும் பிளேயர் கேரக்டர்தான். மற்றவர்களால் சமாளிக்க முடியாத அளவுக்கு அது வளர்ந்துவிட, அதை அடக்குவதற்காகப் பேயை விரட்டும் பாதிரியார் ஒருவரை உள்ளே கொண்டுவந்தார்கள். இன்றைக்கு எல்லா டேபிளிலும் காயத்துக்கு மருந்து போட்டுக்கொண்டிருக்கும் கிளெரிக் அப்படித்தான் பிறந்தது. 1979-ல் அட்வான்ஸ்டு டி அண்ட் டியின் டிஎம் கையேடு எழுதும்போது கைகாக்ஸ் கட்சி மாறிவிட்டார். அரக்கனாக வரக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் மற்றவர்களைவிட மேலே நிற்கத்தான் கேட்கிறார்கள், இந்த ஆட்டத்தின் உலகம் மனிதரை நடுவில் வைத்தது என்று எழுதினார். அந்தச் சந்தேகத்தை முழுக்கத் தள்ளிவிட முடியாது. உங்கள் கருடன் பையனை நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் மூன்றாம் பதிப்புக்காரர்கள் இதைக் கணக்குப் போட்டுத் தீர்க்கப் பார்த்தார்கள். 2003-ல் சாவேஜ் ஸ்பீஷீஸ் என்று ஒரு தடிமனான புத்தகம் வந்தது. ஒவ்வொரு விசித்திரப் பிறவிக்கும் அதன் சக்திக்கு ஏற்ப இத்தனை லெவல் கூடுதல் என்று விலை. கணக்கு சரியாகத்தான் இருக்கும், ஆட்டம்தான் கோணும். கூடுதல் லெவல் என்பது காகிதத்தில் மட்டும், அதற்கு ஹிட் பாயிண்ட் (அடி தாங்கும் உயிர்ப் புள்ளி) கிடையாது. எனவே மற்றவர்கள் தாங்கும் அடியை அந்த விலையுயர்ந்த பிறவி தாங்காமல் முதல் சண்டையிலேயே சாயும். சக்தியை மட்டும் நிறுத்துப் பார்த்தால் இதுதான் கதி.

நான் பார்ப்பது வேறு. இந்தக் கேரக்டரால் எது முடியாது? அது முடியாதபோது டேபிளில் இருக்கும் இன்னொருவர் என்ன செய்ய வேண்டிவரும்? இரண்டுக்கும் நல்ல பதில் இருந்தால் கல்லையும் மரத்தையும்கூடப் பார்ட்டியில் சேர்க்கலாம். பதில் இல்லையென்றால் சாதாரண எல்ஃப்கூட மற்றவர்களுக்குப் பாரம்தான்.

ஒரு சின்ன உதாரணம். 2018-ல் ராவ்னிகா புத்தகத்தில், பாதி மனிதன் பாதி குதிரையான சென்டாரைப் பிளேயருக்குக் கொடுத்தபோது, கைகால் போட்டு ஏறவேண்டிய இடத்தில் ஒவ்வொரு அடிக்கும் நாலடி கூடுதலாகச் செலவாகும் என்று ஒரு வரி சேர்த்தார்கள். அந்த ஒரு வரிதான் சென்டாரைச் சென்டாராக்குகிறது. பத்மநாபபுரம் அரண்மனையின் குறுகலான மரப்படிகளில் ஏறி இறங்கியவர்களுக்கு நான் சொல்வது புரியும். அப்படி ஒரு மாளிகைக்குள் குதிரை உடம்போடு திருட்டுத்தனமாக நுழைவது என்றால் அன்றைய செஷன் முழுக்க அதற்கே போய்விடும். எல்லோரும் சிரித்துக்கொண்டே யோசிப்பார்கள். அதுதானே வேண்டும்?

இப்போது கருடனுக்கு வருகிறேன். பறவை மனிதரான ஆரகோக்ரா 2015-ல் பிளேயர்களுக்கு வந்தபோது அதன் பறக்கும் வேகம் 50 அடி. டி அண்ட் டியின் அதிகாரபூர்வப் பொது ஆட்டங்களில் அப்போது அதைச் சேர்க்கவில்லை. 2022-ல் மறுபடி எழுதும்போது வேகத்தை நடக்கும் வேகத்துக்குச் சமமாக, 30 அடிக்குக் குறைத்துவிட்டார்கள். சாதாரண மந்திரவாதிக்குப் பறக்கும் மந்திரம் ஐந்தாம் லெவலில்தான் கிடைக்கும். அதுவும் பத்து நிமிஷம், நடுவில் அடிபட்டுக் கவனம் சிதறினால் போச்சு. இவனுக்கு அது முதல் நாளே, நாள் முழுக்க, இலவசமாக. நீங்கள் ராத்திரி உட்கார்ந்து எழுதிய அகழி, மதில், இடிந்த பாலம் எல்லாவற்றுக்கும் "மக்கா, நான் மேல போய் பாத்துட்டு வாரேன்" என்று ஒரே பதில் வரும். அவன் போய்ப் பார்த்து வரும்வரை மற்ற மூன்று பேரும் மிக்சர் கொறித்துக்கொண்டிருப்பார்கள். கோளாறு அங்கேதான். பறப்பதால் அவனுக்கு யாரும் தேவைப்படுவதில்லை.

ஆனால் உங்கள் கேம்பெயின் குமரி மாவட்டம் மாதிரி நாட்டில் நடப்பதால் அதிர்ஷ்டம் இருக்கிறது. 2014 டிஎம் கையேட்டில் பலத்த காற்றுக்கு ஒரு விதி உண்டு. பறக்கும் பிறவி தன் முறை முடியும்போது தரையிறங்கியாக வேண்டும், இல்லையென்றால் விழும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் தென்மேற்குப் பருவக்காற்று மலைகளுக்கு நடுவே நெருக்கிக்கொண்டு வருவதால்தானே முப்பந்தல் வரை காற்றாலையாக நிற்கிறது? உங்கள் வரைபடத்திலும் அப்படி ஒரு கணவாயைப் போடுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை அதைக் கடக்கிற கருடன் நடந்துதான் போகவேண்டும். விழுந்தால் பத்தடிக்கு ஓர் ஆறுமுகப் பகடை. மாத்தூர் தொட்டிப்பாலம் 115 அடி உயரம். அத்தனை உயரத்திலிருந்து விழுந்தால் 11 பகடை, சராசரி 38 ஹிட் பாயிண்ட். முதல் லெவலில் அவனிடம் பத்துப் பன்னிரண்டு இருந்தாலே அதிகம். இதை முன்கூட்டியே அவனிடம் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் வைத்திருந்து தள்ளிவிட்டால் அது டிஎம் செய்கிற வேலை இல்லை, பழிவாங்கல்.

இன்னும் ஒரு படி இறங்கி யோசித்தால், இறகு முழுதாக முளைக்காத கருடக் குஞ்சாக அவனை ஆரம்பிக்கச் சொல்லலாம். முதல் நாலு லெவலுக்கு உயரத்திலிருந்து சறுக்கி இறங்க மட்டும் முடியும், ஐந்தாம் லெவலில் முழுப் பறப்பு. 1974-ல் டிராகனுக்குச் சொன்ன அதே வழி. எனக்குப் பிடித்தது இதுதான்.

தேனீக்கூட்டம். இதற்குப் புதிதாக விதி எழுதி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். 2022-ல் வந்த ஸ்பெல்ஜாமர் தொகுப்பில் பிளாஸ்மாய்டு என்று கூழ் உடம்புக்காரர்கள் இருக்கிறார்கள். ஓர் அங்குல இடுக்கிலும் நுழைவார்கள், ஆனால் உடம்பில் உடையோ கையில் பொருளோ இருக்கக்கூடாது. கூழை ஒரு முளையாக நீட்டிப் பத்தடி தூரத்தில் இருக்கும் கதவைத் திறக்கலாம், சின்னப் பொருளை எடுக்கலாம். பத்து பவுண்டுக்கு மேல் தூக்க முடியாது, அந்த முளையைக் கொண்டு அடிக்கவும் முடியாது. இதை அப்படியே எடுத்து "கூழ்" என்ற இடத்தில் "தேனீ" என்று போடுங்கள், முக்கால்வாசி வேலை முடிந்தது. அரக்கர்களைத் தொகுத்த மான்ஸ்டர் மேனுவல் நூலில் இருக்கும் பூச்சிக்கூட்டத்தின் ஷீட்டை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அதற்கு ஆயுத அடி பாதிதான் ஏறும், பிடிக்க முடியாது, மயக்க முடியாது, பயமுறுத்த முடியாது. பிளேயர் கையில் அது வந்தால் உங்களுக்கு வேலையே இல்லை. அந்த ஷீட்டிலிருந்து ஒரு விஷயத்தை மட்டும் திருடுங்கள்: பாதி ஹிட் பாயிண்ட் போனதும் கூட்டத்தின் கடியும் பாதியாகிவிடும். சாகிற தேனீக்களை எல்லோரும் கண்ணால் பார்க்கிற மாதிரி இருக்கும்.

முடியாதவை என்ன என்பதற்கு, மார்த்தாண்டம் பக்கம் பெட்டி வைத்துத் தேன் எடுக்கும் யாரையாவது கேட்டால் போதும், ஆட்டத்துக்கு வேண்டியதெல்லாம் கிடைக்கும். தேனீ இருட்டில் பறக்காது. கனமழையில் பெட்டியை விட்டு வராது, நம் மாவட்டத்துக்கோ இரண்டு பருவமழையும் உண்டு. புகை போட்டால் அடங்கிவிடும். ராணி போனால் கூட்டம் கலைய வழி உண்டு. ரப்பர் மரம் இலையுதிர்த்துத் துளிர்க்கும் மாதங்களில் இலைக்காம்பில் சுரக்கும் தேன்தான் இங்கே பெரிய வரவு. அந்தப் பருவம் முடிந்தால் பெட்டிக்காரர்கள் சர்க்கரைப்பாகு வைத்துக் கூட்டத்தைக் காப்பாற்றுவார்கள். 1990-களின் தொடக்கத்தில் புழுக்களைப் பை போல ஊதவைத்துக் கொல்லும் ஒரு வைரஸ் நோய் தென்னிந்தியா முழுக்கப் பரவி, நம் நாட்டுத் தேனீயின் பெட்டிகள் கொத்துக்கொத்தாகக் காலியாயின. உங்களுக்கு ஒரு வில்லன் வேண்டுமென்றால் வாளும் சூலமும் தேட வேண்டாம். அப்படி ஒரு நோய் அடுத்த ஊர்வரை வந்துவிட்டது என்று ஒரு வியாபாரி வாயால் சொல்லவையுங்கள், அந்தப் பெண்ணின் முகத்தைப் பாருங்கள்.

கூட்டத்துக்கு ஒரு பெட்டி வேண்டும். பெட்டியை யார் சுமப்பது? போர்வீரன். ராத்திரிக் காவலில் கூட்டம் தூங்கும், இவன் முழித்திருப்பான். மழையில் இவன்தான் ஓலைக்குடை பிடிப்பான். பகலில் கோட்டைச் சுவரின் விரிசல் வழியாக உள்ளே போய் எத்தனை காவலர் என்று எண்ணி வருவது கூட்டத்தின் வேலை. அதனால்தான் இதை லேசான கேஸ் என்றேன்.

பேச்சு விஷயத்தில் மட்டும் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். கூட்டம் பேசுமா? பேசாமல் வைத்தால் ரசனையாக இருக்கும் என்று தோன்றும், ஆனால் பேசாத கேரக்டரின் பிளேயர் மூன்றாவது மணி நேரத்தில் போனை எடுத்துவிடுவார். ரீங்காரத்தை ஒருவருக்கு மட்டும் புரிகிற மாதிரி வைக்கலாம், அவர் மற்றவர்களுக்குச் சொல்வார், கொஞ்சம் மாற்றியும் சொல்வார். நான் அதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

இனி யட்சி. விதியளவில் இதற்குச் சிக்கல் கிடையாது. 2021-ல் ரேவன்லாஃப்ட் புத்தகத்தில் வந்த தாம்பிர் என்ற அரைக் காட்டேரிப் பரம்பரையை எடுத்தால் கடி, சுவரேறுதல், மூச்சு தேவையில்லாத உடம்பு மூன்றும் கிடைக்கும். அழகியாக உருமாறுவதுதான் முக்கியம் என்றால் சேஞ்ச்லிங். பலவீனங்களை நம் ஊர்க் கதைகளே கொடுத்திருக்கின்றன. உச்சந்தலையில் இரும்பாணி அடித்தால் அடங்குவாள். பனைமரத்தையோ பாலைமரத்தையோ விட்டு அதிக தூரம் போகமாட்டாள். வழிப்போக்கனிடம் சுண்ணாம்பு கேட்டு, அவன் கொடுத்தால்தான் கதையே தொடங்கும்.

சிக்கல் பெயரில் இருக்கிறது. இசக்கி நமக்குப் புத்தகத்தில் வரும் பிசாசு கிடையாது. முப்பந்தலில் இருக்கிறாள், பிள்ளை வரம் கேட்டு மண் பொம்மை வைக்கிறார்கள், கொடை (கோயில் விழா) கொடுக்கிறார்கள். உங்கள் டேபிளில் இருக்கும் ஐந்து பேரில் ஒருவர் வீட்டிலாவது அவள் குலதெய்வமாக இருக்க வாய்ப்பு அதிகம். அவள் பகடையில் ஒன்று விழுந்து கோப்ளினிடம் அடி வாங்குவதை அந்த ஆள் சிரித்துக்கொண்டு பார்ப்பாரா? பார்ப்பதாகவே வைத்துக்கொண்டாலும் ஆட்டத்துக்கு நல்லதில்லை. தெய்வம் தோற்கக்கூடாது என்று எல்லோரும் உள்ளுக்குள் நினைத்துவிட்டால் பகடைக்கு என்ன மரியாதை? ஷீட்டிலிருந்து அந்தப் பெயரை எடுக்கச் சொல்லுங்கள். இதில் மட்டும் நான் கறார்.

பெயரை எடுத்துவிட்டுக் கதையின் எலும்பை வைத்துக்கொள்ளலாம். வில்லுப்பாட்டில் கேட்டிருப்பீர்கள். காதலனால் நகைக்காகக் கொல்லப்பட்ட பெண், சாட்சிக்குக் கள்ளிச்செடியைத் தவிர யாருமில்லை. மறுபிறவியில் பழிதீர்க்க வருகிறாள். கதையின் ஒரு வடிவத்தில், வணிகனாகப் பிறந்திருக்கும் அவன் கையில் காவலாக வாள் இருக்கும்வரை அவளால் அவனைத் தொட முடியாது. என்ன செய்கிறாள்? கள்ளியைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஊர்ச்சபைக்குப் போகிறாள். இவன்தான் என் புருஷன் என்கிறாள். அழுகிறாள், வாதாடுகிறாள். கடைசியில் ஊர்ப் பெரியவர்களே அவன் கையிலிருந்து வாளை வாங்கிவைத்து இருவரையும் ஓர் அறையில் விட்டுவிடுகிறார்கள். பேயின் பலத்தால் நடந்த கொலையா அது? பேச்சால் நடந்தது. ஒரு டிஎம்முக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. எல்லாம் முடிந்த பிறவிக்கு ஒரு வாளைக் கண்டால் முடியாது என்று ஒரே ஒரு கட்டுப்பாடு, அந்தக் கட்டுப்பாட்டிலிருந்து மொத்தக் கதையும்.

ஆகவே அவனுக்கு நான் சொல்வது: பேர்பெற்ற தெய்வமாக வராதே, இன்னும் பீடம் கிடைக்காத ஒரு வாதையாக வா. நம் பக்கத்தில் வாதை என்றால் யாருக்கும் விளக்க வேண்டாம். அகாலத்தில் செத்து, படையல் இல்லாமல், எல்லையில் அலைகிற ஒன்று. எந்த ஊராவது ஒரு பீடம் கட்டி ஒரு கொடை கொடுத்தால் காவல் தெய்வமாகும், கொடுக்காவிட்டால் வழிமறிக்கும். இதில் முதல் லெவலிலிருந்து இருபதாம் லெவல் வரைக்குமான கேம்பெயினே அடங்கியிருக்கிறது. ஊருக்கு நல்லது செய்தால் ஒரு கல் நடுவார்கள், இன்னும் செய்தால் மஞ்சணை சாத்துவார்கள். கோபத்தில் ஒருவனை அடித்துவிட்டால் மந்திரவாதியைக் கூட்டிவருவார்கள், ஆணியோடு. கூட வரும் மூன்று பேரும் அவளுக்குத் தேவை, ஏனென்றால் அவள் தனக்குத்தானே பீடம் கட்டிக்கொள்ள முடியாது.

அவன் ஒத்துக்கொள்ளவில்லை, எனக்குத் தெய்வமேதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் இன்னொரு வழி இருக்கிறது, துணிச்சல் இருந்தால் மட்டும். 1994-ல் வந்த ரெய்த் என்ற ஆட்டத்தில் எல்லோருமே இறந்துபோன ஆவிகள். ஒவ்வொரு ஆவிக்கும் உள்ளே ஓர் இருண்ட பக்கம் உண்டு, அதைப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இன்னொரு பிளேயர் ஆடுவார். உன் காதில் கிசுகிசுத்து உன்னைக் கெடுப்பது அவர் வேலை. இதை நம் ஊருக்குக் கொண்டுவந்தால் கோமரத்தாடி, சாமி இறங்கி ஆடுகிறவர். உங்கள் போர்வீரனைக் கோமரத்தாடியாக்குங்கள். அவன் மேல் இறங்கும் தெய்வத்தை, நீங்களே புதிதாகப் பெயரிட்ட ஒன்றை, யட்சி கேட்ட பையன் ஆடட்டும். இரண்டு பிளேயர், ஒரே உடம்பு. சாதாரண நேரத்தில் போர்வீரன் பேசுவான், தெய்வம் காதில் முணுமுணுக்கும். கொடையில் எப்போது அருள் வரும்? வில்லுக்காரர் பாட்டில் அந்தத் தெய்வத்தின் கதை உச்சத்துக்கு வரும்போது, உடுக்கும் குடமும் வேகமெடுக்கும்போது. அதே மாதிரி, ஆட்டத்தில் யாராவது அந்தத் தெய்வம் பட்ட அநியாயத்தைப் போல ஒன்றைச் செய்யும்போது மட்டும் முழு அருள். அப்போது ஷீட் கை மாறும். அருள் இறங்கியதும் போர்வீரனுக்கு ஒரு நிலை சோர்வு, 2014 விதியிலேயே அதற்கு ஆறு நிலை இருக்கிறது, ஆறாவது மரணம். எனவே தெய்வத்தை அடிக்கடி கூப்பிட முடியாது.

இந்த ஏற்பாட்டுக்கு இரண்டு பேரும் மனதார ஒப்புக்கொள்ளவேண்டும். தெய்வத்தை ஆடுகிறவன் செஷனில் பாதி நேரம் வெறும் குரலாக இருப்பான், அது எல்லோருக்கும் ஒத்துவராது. பாவைக்கூத்தில் திரைக்குப் பின்னால் ஒரே ஆள் உச்சிக்குடும்பனுக்கும் ராவணனுக்கும் குரல் கொடுப்பதை ரசிக்கிற ஆளாக இருந்தால் இது அவனுக்குப் பிடிக்கும். எனக்கு மைக் வேண்டாம், வாள் வேண்டும் என்கிற ஆளாக இருந்தால் வாதையே போதும்.

போர்வீரனைப் பற்றி நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் நான் கவலைப்படுவது அவனைப் பற்றித்தான். எல்லோரும் முயலாக ஆடும் பன்னீஸ் அண்ட் பரோஸ் 1976-லேயே வந்துவிட்டது, எல்லோரும் காட்டேரியாக ஆடும் வேம்பயர் 1991-ல். அங்கே விசித்திரம் எல்லோருக்கும் பொது, யாரும் தனித்து நிற்பதில்லை. உங்கள் டேபிளில் மூன்று விசித்திரம், ஒரு மனிதன். பேசாமல் விட்டால் அவன் மற்றவர்களின் பெட்டி தூக்கியாக முடிவான். ஆகவே ஊர் அவனுடையதாக இருக்கட்டும். சாவடிக் காவலன் அவனுக்கு மச்சான், தோவாளையில் பூக்கட்டுகிறவள் அவனுக்குச் சித்தி. வாதைக்குப் பீடம் கட்ட நிலம் கொடுக்க வேண்டியது அவன் குடும்பம், ஒருவேளை அவளைக் கொன்றதும் அவன் பாட்டனாக இருக்கலாம். எந்தக் கிராமத்தில் நுழைந்தாலும் சனங்கள் பேசுவது அவனிடம் மட்டும்தான், மற்ற மூன்றையும் பார்த்தால் கதவைச் சாத்துவார்கள். இப்படி வைத்தால் மூன்று பேரும் அவன் பின்னால் நிற்பார்கள்.

முதல் செஷனுக்கு முன்னால் நாலு பேரையும் உட்காரவைத்து, அவரவர் கேரக்டரால் முடியாத இரண்டு விஷயங்களை எழுதி மற்றவர்களிடம் காட்டச் சொல்லுங்கள். கருடன் பையன் வெற்றுத்தாள் கொடுப்பான், திருப்பி அனுப்புங்கள். அப்புறம், சில செஷன் ஆடிப் பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லை என்றால் கேரக்டரை மாற்றிக்கொள்ளலாம் என்று எல்லோருக்கும் அப்போதே சொல்லிவிடுங்கள். தேனீக்காரி மாற்றமாட்டாள் என்று நினைக்கிறேன். கருடன் மாற்றினால் கிளெரிக் எடுக்கச் சொல்லுங்கள், உங்கள் பார்ட்டியில் காயத்துக்கு மருந்து போட இதுவரை ஆளே இல்லை.